சைடு கண்ணாடிக்குச் சூடு

அந்த ஸ்விட்ச்சா? அது ஹாரன் இல்லை தம்பி. அழுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. சத்தம் எதுவும் வராது. அப்படியே இறங்கி வந்து இந்த இடதுபக்கக் கண்ணாடிமேல் உள்ளங்கையை வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள். வருகிறதா? டீ கிளாஸைப் பிடித்தது போல இருக்கிறதல்லவா? அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் அப்படித்தான். இந்தக் கோத்தகிரி மலையில் இவ்வளவு பழைய வேனில் சூடு வைத்த கண்ணாடி வேறு எவனிடமும் கிடையாது.

நீங்கள் சிறுமுகைக்காரர். உங்கள் ஊரில் கண்ணாடி தானாகவே கொதிக்கும். இங்கே அப்படி இல்லை. மார்கழி, தை மாதத்தில் விடிகாலையில் வந்து பாருங்கள். துடைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் மறுபடியும் வெள்ளையாகிவிடும். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்போம். புகையிலை தேய்ப்போம். ஷாம்பு தேய்ப்போம். லயம் என்றால் எங்கள் லைன் வீடுகள், லயத்துக்கு லயம் ஒரு வைத்தியம். எதுவும் ரெண்டு வளைவுக்கு மேல் தாங்காது.

என் மகள் சுகுணாதானே உங்களுக்கு போன் செய்தது? அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, அதனால்தான் வண்டியைக் கொடுக்கிறோம் என்று சொல்லியிருப்பாள். முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்லியிருப்பாள். வண்டியை வாங்க வந்தவருக்கு வண்டியின் கதை தெரிய வேண்டும். நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இது தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போன வண்டி. கீழே லயத்தில் இருக்கிற பெண்களை விடிகாலையில் ஏற்றித் தேயிலைத் தொழிற்சாலையில் விட வேண்டும். சாயங்காலம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். இலங்கையிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்கள். என் மனைவி தெய்வானையும் அதே தொழிற்சாலையில்தான் தூள் சலித்தாள். அதனால் அவளும் தினமும் இந்த வண்டியில்தான் வருவாள். நீங்கள் இப்போது கை வைத்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்து சீட்தான் அவளுக்கு.

ஆரம்பத்தில் பின்னால் பெண்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். சுகுணாவுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகுதான் முன்னால் வந்தாள். பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்றாள். அத்தனை வருடம் குமட்டாதது அப்போது எப்படிக் குமட்டியதோ, வயதானால் உடம்பு மாறும், நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் முன்னால் உட்கார்ந்தாளே ஒழிய, முன்னால் பார்த்து உட்கார்ந்ததே கிடையாது. கதவில் முதுகைச் சாய்த்து, பாதி உடம்பைப் பின்னால் திருப்பித்தான் உட்காருவாள். குழாயடியில் நிற்பது போல. பின்னால் இருக்கிற பெண்களோடு வாயடிக்க வேண்டுமே!

இடையிடையே ஜன்னலில் கையை விட்டு ஸ்வெட்டர் கையால் கண்ணாடியைத் துடைப்பாள். அது ஒன்றுதான் அவளால் எனக்கு உபகாரம். அதற்குச் சேர்த்துப் பேச்சு. ஐயோ, அந்தப் பேச்சு!

"பைக்கு வருது, விடுங்க."

"பால் வண்டி ஹாரன் அடிக்கிறான், ஓரம் இருக்கு, கொஞ்சம் ஒதுங்குங்க."

"சாக்கடைக்கு இன்னும் ஒரு மொழம் இருக்கு, போலாம், போலாம்."

"பள்ளிக்கூடப் புள்ளைங்க நிக்குது, மெல்ல."

போகிற வழி முழுக்க இதே. ரேடியோ போட்டது போல. எனக்குத் தெரியாததா? ஒரு நாள் பொறுக்காமல், "நான் ஓட்டுறேனா, நீ ஓட்டுறியா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் ஓட்டுறீங்க. நான் சும்மா வாய் கட்டிப்போகாம இருக்கப் பேசிட்டு வர்றேன்" என்றாள்.

பின்னால் ராக்கம்மா சிரித்தாள். ராக்கம்மா என்றால் பின்னால் உட்காருகிற பெண்களில் மூத்தவள், மேஸ்திரியையே எதிர்த்துப் பேசுகிறவள். "அண்ணே, எங்கக்காவுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்திருங்க, நீங்க பின்னாடி வந்து எங்களோட உக்காந்துக்கங்க" என்றாள். வண்டியே குலுங்கியது. எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்து வேலைக்குப் போக முடியாத அன்று என்னையும் வண்டி எடுக்க விடமாட்டாள். "இன்ஜின்ல என்னவோ சத்தம் வருது, இன்னிக்கு வேணாம், ஹக்கீம் பாய் பட்டறையில விடுங்க" என்பாள். காய்ச்சலில் படுத்திருக்கிறவளுக்கு எந்த இன்ஜின் சத்தம் கேட்கிறது? சுகுணாவுக்குத் திருப்பூரில் தலைப்பிரசவம் ஆனபோதும் அப்படித்தான். நாற்பது நாள் கூட இருந்து பார்க்க வேண்டிய அம்மா, பிள்ளையைப் பார்த்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். கேட்டால், கோழிகளுக்கு யார் தீனி போடுவது என்றாள். சுகுணா அதை இன்று வரை மறக்கவில்லை. "பொண்ணவிடக் கோழி பெரிசாப் போச்சு" என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். நானும் தெய்வானையைத் திட்டினேன். கோழியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

போன ஆடியில் அவள் போய்விட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். நெஞ்சில் சளி கட்டி, குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து திரும்பவில்லை. அதைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது.

ஐப்பசியில்தான் திரும்ப வண்டியை எடுத்தேன். முன் சீட்டில் வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண் உட்கார்ந்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பெண். அமைதி. ஏறினால் போனில் கண்ணை வைத்துக்கொள்வாள், இறங்கும்போதுதான் தலையை நிமிர்த்துவாள். வண்டிக்குள் அப்படி ஒரு நிம்மதி. எத்தனையோ வருடம் கழித்து இப்போதுதான் நிம்மதியாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இடதுபக்கம் உரசிவிட்டது.

பிறகு பால் வண்டி. பிறகு யாரோ ஒருவனின் பைக், அவன் கீழே விழவில்லை, கெட்ட வார்த்தை மட்டும் சொன்னான். எல்லாம் பக்கவாட்டில்தான். முன்னால் ஒரு குறையும் இல்லை, முன்னால் ரோட்டில் கிடக்கிற ஆணியைக்கூட நான் பார்ப்பேன். பக்கத்தில்தான் எதுவோ திடீரென்று முளைத்து வந்து நிற்கும். கண்ணாடியைப் பார்த்தால் ஒரே புகை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெய்வானை இருந்தவரை துடைத்துக்கொண்டே வந்தாள். இப்போது துடைக்க ஆள் இல்லை. குறை கண்ணாடியில்.

அப்போதுதான் மேலே எஸ்டேட் பங்களாவுக்கு ஒரு வெளியூர்க் கார் வந்தது. பெரிய கார். சுற்றிலும் பனி, மரமே தெரியவில்லை, அந்தக் காரின் சைடு கண்ணாடி மட்டும் கழுவி வைத்த தட்டு போல இருந்தது. கிட்டே போய்த் தொட்டேன். சுட்டது. டிரைவரைக் கேட்டேன். "உள்ள ஹீட்டர் இருக்குண்ணே, பட்டனத் தட்டுனாப் போதும்" என்றான்.

அன்றைக்கே ஹக்கீம் பாயிடம் போனேன். கீழ் பஜாரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். என்னுடைய எல்லா வண்டிக்கும் அவர்தான் ஒயரிங்.

"கதிரேசண்ணே, இந்த வண்டியில மொதல்ல உங்களுக்கு ஹீட்டர் இருக்கா? குளிருக்கு நீங்களே சாக்கு போத்திக்கிட்டு ஓட்டுறீங்க. கண்ணாடிக்கு ஹீட்டரா?"

"எனக்குக் குளிர்னா தாங்கிக்குவேன் பாய். கண்ணாடிக்குத் தாங்காது."

சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார். கோயம்புத்தூரில் சொல்லி வரவழைத்தார். பிளாஸ்திரி போல மெல்லிசாக ஒரு தகடு, நடுவில் கோடு கோடாகக் கம்பி ஓடுகிறது. கொதிதண்ணீர் ஊற்றிக் கண்ணாடியைக் கூட்டிலிருந்து நெகிழ்த்தி எடுத்தோம். பின்பக்கம் அந்தத் தகட்டை ஒட்டினோம். ஒயரைக் கதவு வழியாக உள்ளே இழுக்க அரை நாள் ஆனது. இந்தக் கதவுகளில் அதற்கு வழியே கிடையாது, ஓட்டை போட்டு ரப்பர் குழாய் சொருகி இழுத்தோம். குனிந்து பாருங்கள், தெரிகிறதா? சுத்தமான வேலை.

நான் ஒரு தப்பு செய்தேன். சாவி போட்டால்தான் சூடாகும் என்று பாய் இணைத்திருந்தார். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே கண்ணாடி சூடாக இருக்கட்டும் என்று நானே அதைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அணைக்க மறந்துவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்த பிணம். கண்ணாடி ரெண்டும் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தன. அத்தனை பெண்களும் இறங்கித் தள்ளினார்கள்.

"நாங்க குளிர்ல நடுங்குறோம், இவரு கண்ணாடிக்கு வெந்நி வைக்கிறாரு" என்று ராக்கம்மா கத்தினாள். "அண்ணே, ராத்திரி போர்வ போத்தித் தாலாட்டும் பாடுனீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெய்வானை போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

பாய் திட்டிக்கொண்டே திரும்பச் சரிசெய்தார். ரிலே, பியூஸ், இந்த ஸ்விட்ச், எல்லாம் புதிதாக வைத்தார். பனியில் ஸ்விட்ச்சைத் தட்டினால், யாரோ உள்ளங்கையால் துடைப்பது போல நடுவிலிருந்து வெள்ளை விலகும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் புகை போகவில்லை தம்பி. பனி போகிறது. கண்ணாடி காய்கிறது. ஆனால் உள்ளே, ஓரத்தில், ஒரு மங்கல். திரும்பப் பாயிடம் போனேன். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்.

"கண்ணாடி பளிச்சுன்னு இருக்கேண்ணே. அங்க பாருங்க, சர்ச்சுக்கிட்ட ஒரு பாப்பா பலூன் வச்சுக்கிட்டு நிக்குது. சிவப்பு பலூன்."

நான் உட்கார்ந்து பார்த்தேன். சர்ச் தெரிந்தது. பாப்பாவைக் காணோம்.

"நகந்து போயிருக்கும்" என்றேன்.

பாய் என் முகத்தையே பார்த்தார். "கண்ணாடியில கொற இல்லண்ணே" என்றார். பிறகு, "கோயம்புத்தூர்ல ஒரு தடவ காட்டிட்டு வந்துருங்களேன்" என்றார்.

கண்ணாடியைக் கோயம்புத்தூர் வரைக்கும் எதற்குக் கொண்டுபோக வேண்டும்? நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒயர், கண்ணாடியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். நானே பெரிய கண்ணாடியாக வாங்கி மாற்றினேன். இன்னும் சூடான தகடு ஒட்டினேன். ஒரு நாள் அந்தச் சூட்டில் கண்ணாடி குறுக்கே விண்டுவிட்டது. வேறு வாங்கிப் போட்டேன். இப்போது இருப்பது அதுதான்.

தை பிறந்த பிறகு ஒரு காலை. தொழிற்சாலை கேட்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் வண்டியைத் திருப்ப வேண்டும். பின்னால் எடுக்க வேண்டும். ரெண்டு கண்ணாடியையும் பார்த்தேன், தம்பி. சத்தியமாகப் பார்த்தேன். ரெண்டும் சூடாக, சுத்தமாக, துடைத்து வைத்தது போல இருந்தன. ஒருவரும் இல்லை. எடுத்தேன்.

வள்ளிக்கண்ணு போனைக் காதில் வைத்துக்கொண்டு இடதுபக்கமாகப் பின்னால் போயிருக்கிறாள்.

அவள் அலறவில்லை. "மாமா, நிறுத்துங்க" என்று மெல்லத்தான் சொன்னாள். அந்தப் பெண் எப்போதுமே அதிகம் பேசாது.

இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரைக்கும் வருகிறாள். பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அப்புறம் வரவில்லை. நான் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் அம்மா வாங்கிக்கொண்டாள். "ஒங்களச் சொல்லி என்ன அண்ணே, எங்க தலயெழுத்து" என்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

அவள் அடிபட்டதற்கு மறுநாள் காலை வழக்கம் போல லயத்து முனையில் வண்டியை நிறுத்தினேன். கடுமையான பனி. கண்ணாடிச் சூட்டைப் போட்டுவிட்டேன். ஹாரன் அடித்தேன். பெண்கள் வந்தார்கள். ஷாலைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருத்தருக்குப் பின்னால் ஒருத்தராக வந்து, வண்டியைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராக்கம்மா மட்டும் ஜன்னலோரம் நின்றாள். எந்த நேரமும் கேலி பேசுகிறவள். "இன்னிக்கு நடந்தே போறோம் அண்ணே. குளிருக்கு நல்லாருக்கும்" என்றாள்.

அதற்கடுத்த நாளும் குளிருக்கு நல்லாருக்கும் என்றுதான் சொன்னாள். அதற்கடுத்த நாள் நிற்கவில்லை. நான் மாசி வரைக்கும் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். இன்ஜினை அணைக்காமல், கண்ணாடி சூடாக. யாராவது ஒருத்திக்குக் கால் வலிக்காதா?

அப்புறம்தான் சுகுணா வந்தாள். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனாள். கண் ஆஸ்பத்திரி. ஒரு மிஷினுக்குள் தலையை வைக்கச் சொன்னார்கள், வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். தெரிந்த போதெல்லாம் ஒழுங்காக அழுத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. ஆனால் அந்த டாக்டரம்மா ஒரு தாளை எடுத்துக் காட்டினார். சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

"ஐயா, இது கண்ணுல அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போறது. பக்கத்துப் பார்வை ரெண்டு கண்ணுலயும் இல்ல. ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரிதான் நீங்க பாக்கறீங்க. போனது இனிமே வராது. இருக்கறதக் காப்பாத்த மருந்து விடணும். வண்டியத் தொடவே கூடாது" என்றார். பிறகு, "இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. அஞ்சாறு வருஷத்துக்கு மேல இருக்கும். அதுவும் மலை ரோட்டுல, எப்படிய்யா ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

நான் விடுவேனா? "அம்மா, அஞ்சாறு வருஷமாக் கண்ணு தெரியலன்னா, போன ஆடி வரைக்கும் என் வண்டியில ஒரு கீறல் கிடையாதே, அது எப்படி? எம் பொண்டாட்டி இருந்தவரைக்கும் ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்ல. ஊரையே கேட்டுப் பாருங்க" என்றேன். டாக்டரம்மா தாளைச் சுகுணா பக்கம் தள்ளிவிட்டு மருந்து எழுதினார். நீங்களே சொல்லுங்கள் தம்பி, நான் கேட்டது நியாயம்தானே? படித்தவர்கள் என்றால் எது வேண்டுமானாலும் சொல்லிவிடுவதா?

வெளியே வந்தோம். சுகுணா நடந்துகொண்டே இருந்தவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, அம்மா எப்போ முன் சீட்டுக்கு வந்துச்சு?"

"உன் கல்யாணத்துக்கு அப்புறம். பின்னால குமட்டுதுன்னு சொல்லுச்சு. எதுக்குக் கேக்குற?"

அங்கே சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பிள்ளை பெற்றவள், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, "கோழிக்குத் தீனி போடணும்னு சொன்னியேம்மா, கோழிக்குன்னு சொன்னியேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் கண்ணுக்காக அழுகிறவள் எதற்கு அந்தப் பழைய கோழிச் சண்டையை இழுக்கிறாள்? நான்தான் தேற்றினேன். "மருந்து விட்டா சரியாப் போயிரும், எந்திரி" என்றேன். எழவே மாட்டேன் என்கிறாள்.

அதோடு வண்டியை விற்பது என்று முடிவு செய்துவிட்டாள். நான் திருப்பூருக்கு அவளோடு போக வேண்டுமாம். அங்கே போய் நான் என்ன செய்வேன்? பனியன் கம்பெனி வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியை எண்ணுவதா?

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மகளுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கு வாழைத்தார் ஏற்றத்தானே வண்டி? தோட்டத்திலிருந்து மண்டிக்கு. சமதளம். பனியே கிடையாது. எனக்குப் பகை பனிதான் தம்பி, வேறு எதுவும் இல்லை. வண்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். சம்பளம் எல்லாம் வேண்டாம். ரெண்டு வேளைச் சோறு போட்டால் போதும், வண்டியிலேயே படுத்துக்கொள்வேன். இந்த வண்டியின் குணம் என்னைவிட யாருக்குத் தெரியும்? வேண்டுமானால் முதல் மாதம் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வையுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வாயாடியாக இருந்தாலும் பரவாயில்லை.

என்ன சொல்கிறீர்கள் தம்பி? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.

எங்கே போய்விட்டீர்கள்?

ஓ, இந்தப் பக்கமா நிற்கிறீர்கள். கையை ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? சாவியா? எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? இந்தாருங்கள், பிடியுங்கள். சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து நின்றால் எப்படி? வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா, தம்பி. சொன்னால்தானே எனக்குத் தெரியும்.